நான்காவது வட்டம்

எங்கள் வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு முறிந்துபோனதற்கு நான்தான் காரணம் என்று சொந்தபந்தமெல்லாம் பல வருடம் நம்பியது. நானும் நம்பினேன். உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் வகுப்புப் படிக்கிறவன் கையால் வேறென்ன பெரிய காரியம் நடந்துவிடும்? கணக்கில் முப்பத்தெட்டுக்கு மேல் ஏறாதவன் நான். அப்படிப்பட்டவன் துபாயில் இருந்த ஒரு மாப்பிள்ளையை இங்கே உட்கார்ந்தபடியே கழற்றிவிட்டேன் என்றால் சும்மாவா?

பெண், என் அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. குற்றவாளி எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர். நான் அதன் கூட்டாளி.

ஆலங்குடியிலிருந்து கறம்பக்குடி போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, ஒரு முந்திரிக்காட்டைத் தாண்டி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். அங்கே வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான். ஆலங்குடியில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடியபோது அப்பா அதை வாங்கி, வேனில் விதைக்கடலை மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்துக் கொண்டுவந்தார். வந்த இடத்திலும் அதற்கு அதே கதிதான். கடலை மூட்டை அடுக்கிய அறையில்தான் பிளக் பாயிண்ட் இருந்தது. ஒருமுறை அதன் பெட்டியைத் திறந்து பார்த்தபோது உள்ளே நாலு கடலைத் தோல் கிடந்தது. எலி இழுத்துப் போட்டிருக்கும் என்றாள் அம்மா. எலிக்கு அதில் பங்கில்லை. கடலை கொறித்துக்கொண்டே கார் ரேஸ் விளையாடியது யார் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கார் ரேஸ்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். விளையாட்டுக்குள் என் கார் சிவப்பு நிறம், பார்க்கப் பாய்கிற மாதிரி இருக்கும். ஆனால் பாயாது. கம்ப்யூட்டர் அவ்வளவு மந்தம். சுவிட்சைப் போட்டுவிட்டு, ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுவிட்டு வந்தால்தான் திரை வெளிச்சமாகும். ரேஸில் மற்ற கார்கள் ஒரு சுற்று முடிக்கும்போது என் கார் வண்டிமாடு மாதிரி யோசித்து யோசித்து ஒரு அடி எடுத்துவைக்கும். திருப்பத்தில் நான் வலது பக்கம் திருப்பினால், அது கொஞ்ச நேரம் கழித்து, நான் சொன்னதே எனக்கு மறந்துபோன பிறகு, வலது பக்கம் திரும்பிச் சுவரில் மோதும்.

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சாரிடம் இதைச் சொன்னேன். கார் ரேஸ் என்று சொல்லவில்லை. 'படிப்பு விஷயமாக' என்று சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுவிட்டு, அழகு வேண்டுமா வேகம் வேண்டுமா, இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றார். திரையில் விண்டோ மெல்ல மங்கி மறைவது, அம்புக்குறிக்குக் கீழே நிழல் விழுவது, ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி மினுங்குவது, இந்த அலங்காரத்துக்கே கம்ப்யூட்டரின் பாதி மூச்சு போய்விடுகிறதாம். அதையெல்லாம் கழற்றிவிட்டால் ஓடும் என்று சொல்லி, எதற்குள் எதைத் திறக்க வேண்டும் என்று என் நோட்டில் எழுதியும் கொடுத்தார்.

அதே வாரத்தில்தான் வீட்டில் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, அத்தைக்கு ஒரு வரன் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளைக்குத் தை மாதம் லீவு. வந்து தாலி கட்டி, ஒரு மாதத்தில் கையோடு கூட்டிப்போய்விடுவார். ஜாதகம் பொருந்திவிட்டது. வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை, அன்றைக்குள் பெண்ணின் போட்டோ மூன்று ஈமெயிலில் வந்துவிட வேண்டும், பார்த்ததும் நிச்சயத்துக்கு நாள் குறித்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

அத்தை அப்போது புதுக்கோட்டையில் பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. அதை அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அப்பா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் ஊற்றியபடியே, "பரீச்ச மட்டும் எழுதிக்கிறேண்ணே" என்றாள். அப்பா துண்டில் கை துடைக்க எடுத்துக்கொண்ட நேரம் வழக்கத்தைவிட அதிகம். பிறகு "பாப்போம்" என்றார். எங்கள் வீட்டில் 'பாப்போம்' என்றால் பார்க்க மாட்டோம் என்று அர்த்தம். கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமா, துபாயில் போய் அது யாருக்குப் பாடம் நடத்தப் போகுது என்று கேட்டுவிட்டு, தானே சிரித்துக்கொண்டார்.

என் கவலை வேறு. சாயங்காலம் கம்ப்யூட்டரில் பாதி நேரம் அத்தை உட்கார்ந்து பாடக்குறிப்பு அடிப்பாள். அவள் துபாய் போய்விட்டால் முழு நேரமும் எனக்குத்தான். ஆகவே அந்த மாப்பிள்ளையை வீட்டிலேயே அதிகம் விரும்பியவன் நான்தான்.

புதன்கிழமை சாயங்காலம் மாமா வந்து போட்டோ தேர்வு செய்தார். அத்தையின் போட்டோக்கள் மொத்தத்தையும் நான் ஒரே இடத்தில் போட்டு வைத்திருந்தேன். இருநூறுக்குக் குறையாது. சின்னச் சின்னப் படமாகத் திரை முழுக்க அத்தை. கோயிலில் அத்தை, சித்தப்பா கல்யாணத்தில் அத்தை, கடலை பிடுங்குகிற அத்தை, வாயில் கொழுக்கட்டையோடு அத்தை. மாமா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு மூன்றைக் காட்டினார். மூன்றிலும் அத்தை தலைகுனிந்திருந்தாள். போகும்போது, நாளைக்கு வந்து நானே பக்கத்தில் நின்று அனுப்பவைக்கிறேன் என்றார்.

மாமாவின் மோட்டார் சைக்கிள் முந்திரிக்காட்டைத் தாண்டியதும் நான் நோட்டை எடுத்தேன்.

ஒரு அறைக்குள் இன்னொரு அறையாக நாலைந்து கதவு திறந்து போனால் கடைசியில் ஒரு சின்ன ஜன்னல். அதில் வரிசையாக இருபது பெட்டி, எல்லாவற்றிலும் டிக். ஒவ்வொரு டிக்கும் ஒரு அலங்காரம். பட்டியலுக்கு மேலே நான்கு வட்டங்கள். முதல் வட்டத்தைத் தொட்டால் கம்ப்யூட்டரே முடிவு செய்துகொள்ளும். இரண்டாவது, அழகுக்கு. மூன்றாவது, வேகத்துக்கு. நான்காவதில் 'கஸ்டம்' என்று இருந்தது. சார் அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. நானும் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவதை அழுத்தினேன். புள்ளி அங்கே போய் உட்கார்ந்தது. இருபது டிக்கும் ஒரே நொடியில் உதிர்ந்தன.

திரை ஒருமுறை கண் சிமிட்டித் திறந்தது. நீலக் கண்ணாடி ஓரமெல்லாம் போய், எல்லாம் சாம்பல் நிறம். எழுத்துகள் எலி கடித்த மாதிரி. எட்டிப் பார்த்த அம்மா, "என்னடா இது, காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு" என்றாள். என் கார் ஓடிக்கொண்டிருந்தது. நிஜமாகவே ஓடியது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தேன்.

பாடக்குறிப்பு அடிக்க வந்த அத்தை திரையைப் பார்த்து நின்றாள். போட்டோ வைத்திருந்த இடத்தைத் திறந்தாள். இருநூறு அத்தையும் காணோம். அந்த இடத்தில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருநூறு சின்னப் பெட்டிகள். கீழே கேமரா வைத்த நம்பர் மட்டும்.

"போட்டோவெல்லாம் போயிருச்சாடா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அப்போதுதான் எனக்குள் இருந்த வாத்தியார் வெளியே வந்தார். உட்காரச் சொன்னேன். பட்டியலைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு பெட்டிக்கும் விளக்கம் சொன்னேன். பாதி எனக்கே தெரியாது, தெரியாத இடத்தில் குரலை உயர்த்திக்கொண்டேன். "போட்டோ எங்கயும் போகாது அத்த. மூஞ்சி மட்டும்தான் தெரியாது. இங்க பாரு." நடுவில் இருந்த ஒரு பெட்டியில் டிக் போட்டேன். இருநூறு அத்தையும் திரும்பி வந்தார்கள். பிறகு மூன்றாவது வட்டத்தை அழுத்தினேன். போனார்கள்.

"இன்னொருதரம் காட்டு" என்றாள்.

காட்டினேன். அதே மாதிரி வந்தார்கள், மூன்றாவது வட்டத்தை அழுத்தியதும் போனார்கள்.

"அந்த ஒரு டிக்குதானா?"

"ஒண்ணே ஒண்ணுதான்."

என் பாடத்தை அவ்வளவு கவனமாகக் கேட்ட ஆள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நாளைக்கு மாமா வந்தால் போட்டோ தேட வேண்டுமே, டிக்கைப் போட்டு வைத்துவிடவா என்று கேட்டேன். கேட்டேனே தவிர மனசில்லை. ஒரு அலங்காரத்தைத் திரும்பக் கொடுத்தாலும் என் கார் பழையபடி மாடாகிவிடும் என்று பயம். அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணாம். ஒங் காரு ஓடட்டும் மருமகனே" என்றாள். இவளைப் போய்த் துபாய்க்கு அனுப்புகிறோமே என்று அந்த ஒரு நிமிடம் எனக்கு வருத்தமாக இருந்தது.

வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். என்ன நடந்தது என்பதை மறுநாள்தான், நானே விசாரணைக்கு நிறுத்தப்பட்டபோதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சைக்கிளை நிறுத்தும்போதே மாமாவின் செருப்பு ஒன்று வாசலிலும் மற்றொன்று படியிலும் கிடந்தது. உள்ளே அப்பா நாற்காலியில். அம்மா தூணோரம். அத்தை அறை வாசலில், புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு. மாமா மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

மூன்று போட்டோ போயிருந்தது. முதல் இரண்டும் மாமா காட்டியவை. மூன்றாவது, அத்தை படித்த பெண்கள் கல்லூரியில் ஆண்டு விழாவுக்குப் போட்ட நாடகத்தில் எடுத்தது. அதில் அத்தைக்கு ஜமீன்தார் வேஷம். பட்டு வேட்டி, தலைப்பாகை, நாற்காலியில் கால்மேல் கால், ஒரு கையில் பிரம்பு, மறுகையால் மீசையை முறுக்கிக்கொண்டிருப்பாள். காதுவரை போகிற மீசை.

மாப்பிள்ளை கேட்கச் சொல்லி அவருடைய அம்மா மாமாவுக்குப் போன் போட்டு, இது யாரு, பெண்ணுக்கு மூத்தவரா, பார்த்தால் கோபக்காரராகத் தெரிகிறாராமே என்று கேட்டிருக்கிறார். அங்கேயாவது ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மாமாவுக்குப் பொய் சட்டென்று வராது.

"பொண்ணுதாங்க அதுன்னு சொல்லிப்புட்டேன் மச்சான்" என்றார் மாமா, நெற்றியில் கைவைத்துக்கொண்டு. "அதுக்கப்புறம் அந்தம்மா பேசவே இல்ல."

போனை வாங்கிப் பேசியது அந்த வீட்டில் வேறு யாரோ. மாப்பிள்ளை தங்கியிருந்த அறையில் எட்டுப் பேராம். விடுமுறை நாள், எல்லோரும் சுற்றி நின்று பெண் போட்டோ பார்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு இயற்கையாகவே மீசை சரியாக முளைக்காதாம். மாமா அதை எங்களிடம் அன்றுதான் சொன்னார். வேண்டுமென்றே கேலி செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அந்தப் பக்கம் கொதிப்பு.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய விதம் அழுகை மாதிரி இல்லை.

"நீங்க பக்கத்துல நிக்கலையா?" என்று அப்பா கேட்டார். மாமா நிற்கத்தான் வந்திருக்கிறார். ஆனால் எங்கள் வீட்டில் செல்போன் பேச வேண்டுமென்றால் வாசல் தென்னைமரத்தடிக்குத்தான் போக வேண்டும். அறைக்குள் சிக்னல் கிடையாது, கம்ப்யூட்டருக்கு நெட் மட்டும் டெலிபோன் கம்பியில் வரும். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டிலிருந்தே போன் வந்து, அனுப்பியாச்சா அனுப்பியாச்சா என்று பிடித்துக்கொண்டார்களாம்.

அப்பா அத்தையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"மொத ரெண்டையும் தொறந்து பாத்துத்தாண்ணே போட்டேன். ஒண்ணு தொறக்கவே அம்புட்டு நேரமாச்சு. பன்னெண்டுக்குக் கரண்டு போயிரும். எல்லாம் ஒரே மாதிரி பொட்டி பொட்டியா இருந்துச்சு. பக்கத்துல இருந்ததத் தொட்டுட்டேன் போல."

"பொட்டியாவா? முந்தாநேத்து நான் பாக்கையில படமாத்தானே இருந்துச்சு" என்றார் மாமா.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் இன்னும் புத்தகப்பையைக்கூடக் கழற்றவில்லை.

உண்மையைச் சொன்னேன். அழகா வேகமா என்ற தத்துவத்தையும் சேர்த்துச் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்துக்கு எந்த அலங்காரமும் தடையாக இல்லை. கை ஓங்கியதுதான் தெரியும், அத்தை குறுக்கே வந்து என்னைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"அவன அடிக்காதீங்கண்ணே. சின்னப்புள்ள, என்ன தெரியும் அவனுக்கு?"

எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை என் கையை அழுத்திய அழுத்தில் மூடிக்கொண்டேன்.

தீர்ப்பு இரண்டு. கார் ரேஸை அப்பா கண்முன்னே அழிக்க வேண்டும். கம்ப்யூட்டரைப் பழையபடி அழகாக்க வேண்டும். முதலாவதில் திரையில் இருந்த காரின் படத்தை மட்டும் தூக்கிக் குப்பையில் போட்டேன். விளையாட்டு உள்ளே பத்திரமாக இருந்தது. அப்பாவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இரண்டாவதற்காக அந்தப் பட்டியலைத் திறந்தேன். இருபது பெட்டியும் காலியாக, நான் விட்ட மாதிரியேதான் இருந்தன. ஆனால் மேலே புள்ளி மூன்றாவது வட்டத்தில் இல்லை. நான்காவதில் இருந்தது. நான் தொட்டே பார்க்காத வட்டம். அடிக்கடி கரண்ட் போனதில் நகர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, இரண்டாவதை அழுத்தி மூடினேன்.

மாப்பிள்ளை வீட்டுக்கு மாமா நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். வேறு போட்டோவும் போனது. ஒரு வாரம் கழித்து, ஜாதகத்தில் சின்ன இடிப்பு இருக்கிறது, முன்னால் கவனிக்கவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மாமா இரண்டு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. தை பிறந்தது, போனது. அத்தை பரீட்சை எழுதினாள்.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று எனக்குப் புதுக்கோட்டையிலிருந்து பரோட்டா வாங்கி வந்தாள். மூன்று பரோட்டா, சால்னா தனிப் பையில். வீட்டில் யாருக்கும் வாங்கவில்லை, எனக்கு மட்டும். அவள் வாழ்க்கையைக் கெடுத்தவனுக்குப் பரோட்டா. என்ன ஒரு பெரிய மனசு என்று நினைத்து, தின்னும்போது எனக்குக் கண்ணில் நீர்கூட வந்தது. சால்னாவில் காரமும் அதிகம்.

பிறகு அத்தை வாத்தியாரானாள். தன் பள்ளிக்கூடத்திலேயே வேலை பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவருக்கும் மீசை கிடையாது. அவராகவே எடுத்துவிடுகிறார். கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் என்னைக் காட்டி, இவன்தான் துபாய் மாப்பிள்ளைக்கு ஜமீன்தாரை அனுப்பியவன் என்று அறிமுகம் செய்வார்கள். நான் எழுந்து நின்று வணக்கம் வைப்பேன்.

இப்போது எனக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் பிழைப்பு. என் அன்றைய சாதனையைப் பார்த்தும் ஜனங்கள் மெஷினை நம்பிக் கொடுக்கிறார்கள். போன மாதம் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆபீசுக்குப் போயிருந்தேன். பழைய மெஷின், நகரமாட்டேன் என்கிறது. வழக்கம்போல மூன்றாவது வட்டத்தை அழுத்தினேன். அங்கே வேலை பார்த்த ஒரு அம்மா, பிள்ளைகள் போட்டோவெல்லாம் பெட்டியாகத் தெரிகிறது என்றார். அந்த ஒரு டிக்கைப் போட்டேன். ஐயோ, பழையபடி இழுக்குதே, எடுத்துருங்க தம்பி என்றார். எடுத்தேன்.

இருபது பெட்டியும் காலி. புள்ளி நான்காவது வட்டத்தில்.

கையால் ஒரு டிக்கைத் தொட்டாலே புள்ளி தானாக நான்காவதுக்குப் போய்விடும். டிக்கைத் திரும்ப எடுத்தாலும் புள்ளி திரும்பி வராது. நாமே மூன்றாவதை அழுத்தினால்தான் உண்டு. இது எனக்கு எத்தனையோ வருடமாகத் தெரியும். தினமும் பார்க்கிறேன். அதன் அர்த்தம் அந்த ஆபீசில்தான் எனக்குப் பட்டது. கரண்ட் போனால் டிக் போடாது. அந்த வியாழக்கிழமை அறையில் இருந்தது ஒரே ஒரு ஆள். இருநூறு பெட்டியில் ஜமீன்தார் எந்தப் பெட்டி என்று தேடுவதற்கு அவளுக்கு எல்லா முகமும் ஒரு நிமிடம் தெரிய வேண்டியிருந்தது.

அந்த அம்மா, என்ன தம்பி, சரியாகாதா என்று கேட்டார். சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அத்தைக்குப் போன் போட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பின்னால் தட்டுச் சத்தமும் பிள்ளைகள் இரைச்சலுமாக இருந்தது.

"என்னடா மருமகனே, சாப்ட்டியா?"

"சாப்பிடணும். ஏன் அத்த, டிக்கத் திருப்பி எடுத்தது சரி. மேல புள்ளிய மூணாவது வட்டத்துல வைக்காம விட்டுட்டியே?"

எந்த டிக், எந்தப் புள்ளி என்று அவள் கேட்கவில்லை. யாரையோ வரிசையில் நில்லு என்று அதட்டினாள். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, வகுப்பில் கேள்வி கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்கிற குரலில் சொன்னாள்.

"அத மட்டும் நீ சொல்லிக்குடுக்கலையேடா."